யோப்பான் புதரும் ஒரு மாக்கிங்பேர்டும்

டெக்சாஸில் டாலஸ் நகரத்துக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் வீடு வாங்கினால் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் புல், சுற்றிலும் மரப்பலகை வேலி, மூலையில் ஒரு க்ரேப் மிர்ட்டில் மரம், இவற்றோடு மாக்கிங்பேர்டு என்ற பறவையும் ஒன்று வரும். அது பத்திரத்தில் இருக்காது. குடியேறிய முதல் வசந்தத்தில்தான் அந்தக் கொல்லை யாருடையது என்று நமக்குத் தெரியவரும்.

பார்ப்பதற்கு அப்படியொன்றும் அழகான பறவை இல்லை. மேலே சாம்பல், கீழே அழுக்கு வெள்ளை, மெல்லிய அலகு, மஞ்சள் கண், நீண்ட வால். நீளத்தில் நம் மைனா அளவு இருக்கும், எடை அதில் பாதிதான், ஐம்பது கிராம் சுமார். பறக்கும்போது மட்டும் இரண்டு சிறகிலும் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், வாலின் இரு ஓரமும் வெள்ளை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும், நடத்தையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். டெக்சாஸ் 1927லேயே இதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்துவிட்டது. ஃப்ளோரிடா, டென்னசி, ஆர்கன்சா, மிசிசிப்பி ஆகியவையும் இதையேதான் வைத்திருக்கின்றன. ஐந்து மாநிலங்கள் சொந்தம் கொண்டாடுவதில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகாத பறவை, குளிரிலும் இங்கேயேதான் இருக்கும்.

மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும் இதன் குரல் நடிப்பைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஒரு ஆண் பறவை வாழ்நாளில் இருநூறு பாட்டுகள்வரை சேர்த்துவிடும் என்பார்கள். ப்ளூ ஜேயின் கத்தல், கார்டினலின் சீழ்க்கை, கரோலைனா ரென்னின் உருட்டல், தவளைச் சத்தம், கார் அலாரம் எல்லாம் அதற்குள் இருக்கும். எங்கள் வீட்டில் தினமும் காலையில் குக்கர் விசில் அடிக்கிறது, அதை எப்போது பிடித்துக்கொள்ளும் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். இதுவரை இல்லை.

இதை மற்றப் பறவைகளிலிருந்து பிரித்துக் கேட்க ஒரு எளிய வழி உண்டு. மாக்கிங்பேர்டு எந்தத் துணுக்கையும் ஒருமுறை பாடி விடாது. மூன்று, நான்கு, சில நேரம் ஆறு முறை திருப்பிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, அடுத்ததற்குத் தாவும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ப்ரௌன் த்ராஷர் இரண்டிரண்டு முறை பாடும், கேட்பேர்டு ஒவ்வொன்றையும் ஒருமுறை பாடிவிட்டுப் போய்விடும். எண்ணிக்கையைக் கவனித்தாலே போதும், பறவையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பக்கத்தில் திறந்த வெளியே இல்லாத தெருவில் திடீரென்று, திறந்த வெளியில் திரியும் கில்டீர் பறவை கத்துகிறது, நான்கு முறை கத்தியதும் அதே இடத்திலிருந்து கார்டினல் நான்கு முறை கூவுகிறது என்றால், நிமிர்ந்து புகைபோக்கி உச்சியைப் பாருங்கள். அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குரலை வைத்துப் பறவை பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளை இந்த விஷயத்தில் முழுசாக நம்ப வேண்டாம். ஒரே பறவையின் பாட்டுக்கு வரிசையாக ஐந்தாறு பெயர் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். காதும் கண்ணும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் குறிப்பேட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

பாடும்போது ஒரு குதி குதிக்கும், அதைத் தவறவிடக் கூடாது. உச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருக்கும்போது விருட்டென்று நான்கைந்து அடி மேலே எழும்பி, சிறகை விரித்து வெள்ளையைக் காட்டி, பாட்டை நிறுத்தாமலே அதே இடத்தில் வந்து உட்காரும். உடனே இன்னொரு தடவை. இப்படிக் குதிப்பது பெண்ணைத் தேடும் ஆண் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம்.

பெண் கிடைக்காவிட்டால் இரவிலும் பாட்டு தொடரும். அதுதான் இங்கே பலருக்குத் தலைவலி. ஏப்ரல், மே மாதங்களில் நடுநிசி ஒரு மணி, இரண்டு மணிக்கு ஜன்னலோரம் கச்சேரி நடக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் உற்சாகம் கூடும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "ஏன்டி, இதுக்கு ராத்தூக்கமே கிடையாதா?" என்று கேட்டாள். கல்யாணம் ஆகாத பையன் அம்மா, பெண் தேடுகிறான் என்றேன். "அப்போ சீக்கிரம் எவளாவது வந்து சேரட்டும், எனக்குத் தூக்கம் வரணும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். விரட்டிப் பார்ப்பதில் பயனில்லை, ஒரு மரம் தள்ளிப் போய்ப் பாடும், அவ்வளவுதான். கொல்லைப்புற விளக்கை இரவில் அணைத்து வைத்தால் கொஞ்சம் உதவும், ஏனென்றால் வெளிச்சம் இருக்கும் இடத்தில் இரவுப் பாட்டும் அதிகம். படுக்கையறையில் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டால் அந்த இரைச்சலில் பாட்டு அமுங்கிப் போகும். ஜோடி சேர்ந்ததும் இரவுப் பாட்டு பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

ஆனாலும் என்னைக் கேட்டால் இதன் பாட்டைவிட இதன் காவல்தான் பார்க்க வேண்டிய விஷயம். பாட்டைக் கேட்டு ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். காவலைக் கவனித்தால், எந்தச் செடி அதற்கு முக்கியம், கூடு எங்கே, எல்லை எதுவரை, வீட்டு மனிதர்களில் யாரை அது நம்புகிறது, யாரை நம்பவில்லை என்று எல்லாமே தெரிந்துவிடும்.

எல்லையைத் தெரிந்துகொள்வது சுலபம். வசந்தத்தில் எங்கள் வேலிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே புல்லில் இரண்டு பறவைகள் எதிரும் புதிருமாக நிற்கும். தலையும் வாலும் நிமிர்ந்திருக்கும். ஒன்று பக்கவாட்டில் இரண்டு குதி குதித்தால் மற்றதும் அதே பக்கம் குதிக்கும். பின்வாங்கல், மறுபடி முன்னேற்றம். சண்டை வருமோ என்று பார்த்தால் பெரும்பாலும் வராது, கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் பறந்துவிடும். அவை குதித்த கோடுதான் எல்லை. எங்கள் பத்திரத்தில் இருக்கும் எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பக்கத்து வீட்டு வாகன வழித்தடம் பாதிவரை நம் பறவையுடையது!

குளிர்காலத்தில் காவல் வேறு மாதிரி. கோடையில் பூச்சி, வெட்டுக்கிளி, வண்டு, மண்புழு என்று தின்னும் பறவை, இலையுதிர்காலம் வந்ததும் பழத்துக்கு மாறிவிடும். அப்போது ஒரு பழப்புதரைப் பிடித்துக்கொண்டு அதை விட்டு நகராது. எங்கள் வீட்டில் அது வேலியோர யோப்பான் புதர். சின்னச் சின்ன இலை, நவம்பரிலிருந்து சிவப்புமணியாகப் பழம். இதைக் காக்க அது செப்டம்பரிலேயே மறுபடி பாடத் தொடங்கும். ஆகஸ்டில் இறகு உதிர்த்து, வால் பாதி இல்லாமல் பரிதாபமாகக் கிடந்த பறவைதானா இது என்று இருக்கும். பெண் பறவையும் பாடும், குறிப்பாக இந்தப் பருவத்தில், குரல் கொஞ்சம் தணிந்து.

ஜனவரி, பிப்ரவரியில் சீடர் வாக்ஸ்விங் கூட்டம் வந்து இறங்கும். முகத்தில் கறுப்பு முகமூடி, வால் நுனியில் மஞ்சள் கோடு, மெல்லிய 'ஸ்ஸீ' சத்தம். ஒன்றிரண்டு வராது, முப்பது நாற்பது ஒன்றாக வரும். சமையலறை ஜன்னலில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன்: மாக்கிங்பேர்டு புதருக்குள் பாய்ந்து ஒன்றைத் துரத்திக்கொண்டு வேலிவரை போகிறது. அது திரும்புவதற்குள் மற்றவை ஆளுக்கு நாலு பழம் விழுங்கிவிடுகின்றன. மறுபடி பாய்ச்சல், மறுபடி ஒன்று மட்டும் ஓடுகிறது. கடைசியில் புதரின் உச்சியில் உட்கார்ந்து, சிறகைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கீழே கூட்டம் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் புதர் மொட்டை.

அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டோம். ஒரே இடத்தில் ஒரே புதர் இருந்தால் ஒன்று மாக்கிங்பேர்டு யாரையும் அண்டவிடாது, இல்லை கூட்டம் வந்து ஒரே நாளில் காலி செய்யும். வீட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று பழச்செடிகளைப் பிரித்து வைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் மிஞ்சும். பறவைத் தீனிப்பெட்டிக்கும் இதே கணக்குதான். மாக்கிங்பேர்டு விதை தின்ன வருவதில்லை, ஆனாலும் தன் புதருக்குப் பக்கத்தில் பெட்டி தொங்கினால் சிக்கடியையும் கார்டினலையும் சும்மா விடாது. பெட்டியை அதன் கண்ணில் படாத மறுபக்கச் சுவரோரம் மாற்றினோம், சண்டை நின்றது.

கூட்டுக்கு வருகிறேன். பெரும்பாலும் மூன்றிலிருந்து பத்தடி உயரத்தில், அடர்ந்த புதரில் கட்டும். வெளியே முள்ளும் சுள்ளியுமாக ஆண் கட்டும், உள்ளே புல், வேர் வைத்து மெத்தென்று ஆக்குவது பெண். பிளாஸ்டிக் துண்டு, தகடு என்று நம் குப்பையும் சில நேரம் உள்ளே போகும். மூன்றிலிருந்து ஐந்து முட்டை, வெளிறிய நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி. பெண் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் இருவரும் இரை கொண்டுவரும். இரை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அலகில் வெள்ளையாக ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அது குஞ்சின் எச்சம், மெல்லிய உறைக்குள் இருக்கும். தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும், கூட்டுக்கடியில் தடயம் இருக்கக் கூடாது.

இந்த நாட்களில் அதன் பாட்டு குறைந்து, வறண்ட 'சக்... சக்' என்ற அதட்டல் கூடும். அந்தச் சத்தம் கேட்டால் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். பெரும்பாலும் பூனை இருக்கும். ஒரு மே மாதம் சத்தம் நிற்காமல் வருகிறதே என்று பார்த்தால், வேலிப்பலகையின் மேல் நீளமாக ஒரு ராட் ஸ்நேக், விஷமில்லாத மரமேறிப் பாம்பு, புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பறவைகளும் மாறி மாறி அதன் முதுகில் கொத்திவிட்டு எழும்பின. கொஞ்ச நேரத்தில் ரென், ப்ளூ ஜே என்று அக்கம்பக்கத்துப் பறவைகள் எல்லாம் கூடிக் கத்தின. பாம்பு மெல்லத் திரும்பிப் பக்கத்து வீட்டுப் பக்கம் இறங்கியது. பருந்து, காக்கை எது வந்தாலும் இப்படித்தான். அம்மா பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கரிச்சான் காக்காயை வெரட்டுற மாதிரியே இருக்குடி" என்றாள். அவள் சொன்னது சரிதான். கரிச்சானும் தன்னைவிடப் பெரிய பறவையின் முதுகில் ஏறிக் கொத்தும், வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தவும் செய்யும். உறவு கிடையாது, தொழில் ஒன்று.

மனிதர்களையும் அது விட்டுவைக்காது, ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அம்மா முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள், புதர் எட்டடி தூரம்தான், ஒன்றும் செய்யாது. என் கணவர் கதவைத் திறந்தாலே போதும், வேலியிலிருந்து நேராக உச்சந்தலைக்கு. காரணம் இல்லாமல் இல்லை, புதரடியில் களை பிடுங்குவது அவர் வேலை. சட்டையை மாற்றிப் பார்த்தார், தொப்பி போட்டுப் பார்த்தார், ஏமாறவில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இதையேதான் சொல்கிறது. ஒரே ஆள் அடுத்தடுத்து நான்கு நாள் கூட்டருகே போய் அரை நிமிடம் நின்றால், நாளுக்கு நாள் பறவை முன்கூட்டியே எழும்பித் தாக்க வருகிறது. ஐந்தாம் நாள் வேறொருவர் அதேபோல் போனால் புது ஆளை நடத்துவதுபோல் சாதாரணமாக இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கடந்துபோகும் இடத்தில், இரண்டே தடவை அரை நிமிடம் பார்த்ததில் ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது!

ஆகவே கூட்டை எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பார்க்காதீர்கள். முகம் பதிந்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க நீங்கள்தான் திருடன். ஜன்னலுக்கு உள்ளே நின்று எட்டுமடங்குத் தொலைநோக்கியில் பார்த்தால் குஞ்சின் வாய்க்குள் இருக்கும் மஞ்சள்கூடத் தெரியும். அந்தப் பக்கம் போயே ஆக வேண்டுமென்றால் குடையை விரித்துக்கொண்டு நடக்கலாம், கொத்து குடையின் மேல் விழும். தபால்காரர் வரும் வழியில் கூடு இருந்தால் ஒரு சின்னப் பலகை எழுதி வைப்பது நல்லது. எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு வாரம்தான்.

குஞ்சுகள் பன்னிரண்டு நாள் வாக்கில் கூட்டைவிட்டு இறங்கிவிடும், ஆனால் அப்போது சரியாகப் பறக்கத் தெரியாது. வால் குட்டை, மார்பில் புள்ளி, புல்லில் தத்தித் தத்தி நிற்கும். பிள்ளைகள் ஓடிவந்து, "அம்மா, கீழே விழுந்துடுச்சு" என்பார்கள். விழவில்லை, இறங்கியிருக்கிறது. தொடாமல் விட்டால் அப்பா பறவை வந்து ஊட்டும். அந்த நேரத்தில் அம்மா பறவை அடுத்த கூட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு பருவத்தில் இரண்டு மூன்று ஈடு எடுப்பது சாதாரணம். நாம் செய்ய வேண்டியது நாயைக் கட்டிப்போடுவது, பூனையை வீட்டுக்குள் வைப்பது, அன்றைக்குப் புல் வெட்டாமல் இருப்பது. இறகே முளைக்காத குஞ்சு கிடந்தால் மட்டும் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு.

புதர் வெட்டுவதற்கும் இதனால் எங்களுக்கு ஒரு நாட்காட்டி உண்டாகிவிட்டது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் ஆரம்பம்வரை கத்தரி எடுப்பதில்லை. ஒருமுறை குடியிருப்போர் சங்கத்திலிருந்து மே மாதம் கடிதம் வந்தது, புதர் நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது 1918ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம் என்று எழுதி, தூரத்திலிருந்து எடுத்த படத்தையும் வைத்து அனுப்பினேன். ஆகஸ்ட்வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் இந்தப் பறவையைக் கூண்டில் அடைத்து விற்பது பெரிய வியாபாரம், கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து எடுத்தே கிழக்குக் கரையோரம் சில இடங்களில் இல்லாமல் போனது. அதிபர் தாமஸ் ஜெஃபர்சன்கூட வெள்ளை மாளிகையில் ஒன்றை வைத்திருந்தார், டிக் என்று பெயர்.

புல் வெட்டிய மறுநாள் காலை பத்து நிமிடம் ஒதுக்கி உட்கார்ந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். மாக்கிங்பேர்டு புல்லில் நான்கு எட்டு வைத்து ஓடும், நிற்கும். இரண்டு சிறகையும் பாதி தூக்கும், ஒரு வெட்டு வெட்டி இன்னும் கொஞ்சம் தூக்கும், மறுபடி ஒரு வெட்டு. வெள்ளைத் திட்டு முழுசாகத் தெரிந்ததும் மடக்கிக்கொண்டு மறுபடி ஓடும். பூச்சியைத் திடுக்கிடவைத்து எழுப்பவா, எதிரிக்கு எச்சரிக்கையா என்று பறவையியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எங்கள் கொல்லையில் பாம்பைக் கண்டபோதும் செய்தது, பாம்பே இல்லாதபோதும் செய்கிறது.

வசந்தத்தில் ஜன்னல் கண்ணாடியையும் கார்க் கண்ணாடியையும் கொத்திக் கொண்டே இருந்தால், உள்ளே தெரியும் பிம்பத்தைப் போட்டிக்காரன் என்று நினைக்கிறது. கார்ப் பக்கக் கண்ணாடிக்குப் பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள், ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத்தான் தெரியும்.

அத்திப்பழம், தக்காளி, திராட்சை வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டாத விருந்தாளிதான். வலை கட்டாதீர்கள், பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். பழம் நிறம் மாறும்போதே ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிப்பை கட்டினால் போதும். மிளகாய்க்கும் பயப்படாது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. டெக்சாஸில் தானாக விளையும் சின்ன பெக்கின் மிளகாயை மாக்கிங்பேர்டு முழுசாக விழுங்கி விதையைக் கண்ட இடத்தில் போடும். தொட்டியில் நான் வளர்க்கும் காந்தாரி மிளகாயையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கறிவேப்பிலைத் தொட்டி பக்கம் மட்டும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

2021 பிப்ரவரியில் இங்கே அடித்த பனிப்புயலில் டாலஸ் விமான நிலையத்தில் வெப்பம் மைனஸ் 19 செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. மின்சாரம் போய், குழாய்கள் உறைந்து, மனிதர்களே திண்டாடிய வாரம். கொல்லையில் தண்ணீர் எல்லாம் கல்லாகிக் கிடந்தது. கேஸ் அடுப்பு எரிந்ததால் வெந்நீர் வைத்து ஆழமில்லாத தட்டில் அவ்வப்போது ஊற்றி வைத்தோம். வெந்நீரில் ஊறிய உலர்திராட்சையைக் கையால் பிய்த்து, அவித்த முட்டையை உதிர்த்து, சுவரோரம் பனி படாத இடத்தில் போட்டதும், இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பந்தாக உட்கார்ந்திருந்த பறவை இறங்கி வந்தது. தின்றது. தின்றுவிட்டு அங்கேயே நின்று அடுத்து வந்த ராபினைத் துரத்தியது. அந்தக் குளிரிலும்! சாதாரண நாட்களில் இப்படி ஊட்டத் தேவையில்லை, தண்ணீர் மட்டும் எப்போதும் இருந்தால் போதும். சோறு, ரொட்டி, உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். கொசு மருந்து தெளிக்க மாதச் சந்தா கேட்டு வருபவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவோம், குஞ்சுக்கு ஊட்டும் பூச்சியும் அந்த மருந்தில் சேர்ந்தே சாகும்.

மற்றதெல்லாம் செடிதான். யோப்பான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, பெண் செடிதான் பழம் தரும். வசந்தத்தில் நர்சரிக்குப் போனால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். டிசம்பரில் போய், பழத்தோடு இருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். தெருவில் எங்கேயாவது ஆண் செடி இருக்கும், இங்கே எல்லோர் வீட்டு வேலியிலும் யோப்பான்தான், தேனீ பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பியூட்டிபெர்ரி வைத்தால் ஆகஸ்ட் கடைசியிலேயே ஊதாப்பழம் கிடைக்கும், யோப்பான் பழுக்கும்வரை அது தாங்கும். யோப்பான் பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நமக்கு ஆகாது. இலையைக் காயவைத்து வறுத்து டீ போடலாம், காஃபீன் உண்டு. நான் போட்டுப் பார்த்தேன், நம் டீக்குப் பக்கத்தில்கூட வராது.